குழந்தைகளின் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும்: பரவல் ஆய்வுகள் தள்ளுபடி செய்த காரணங்கள்

கடந்த 12 மாதங்களில் உன் நெஞ்சில் இழுப்போ விசில் போன்ற ஓசையோ வந்ததுண்டா? 56 நாடுகளின் 155 மையங்களில் 13, 14 வயதுப் பிள்ளைகள் 4,63,801 பேரிடம் இந்த ஒரே கேள்வி கேட்கப்பட்டது. விடைகளின் தொகுப்பு 1998இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. ஆம் என்றவர்கள் சில மையங்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை; வேறு சிலவற்றில் மூன்றில் ஒருவருக்கும் மேல். பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகியவை உச்சியில் நின்றன. இந்தோனேசியா, சீனா, கிரீஸ், இந்தியா, கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அடித்தட்டில் இருந்தன. ‘ஐசாக்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்த ஆய்வு, நியூசிலாந்தின் ஆக்லாந்திலும் ஜெர்மனியின் போக்கும் நகரிலும் பணியாற்றிய இரு குழுக்கள் 1991இல் கைகோத்ததில் பிறந்தது. சென்னை, கோட்டயம், தில்லி உள்ளிட்ட இந்திய மையங்களும் அதில் பங்கேற்றன.

இத்தகைய பரவல் ஆய்வுகளைக் குறைகூறுவோர், அவை எந்தக் காரணத்தையும் நிறுவவில்லை என்பார்கள். அது உண்மையே. ஆனால் எவையெல்லாம் முதன்மைக் காரணமாக இருக்க முடியாது என்பதை அவை அடுத்தடுத்துக் காட்டியிருக்கின்றன. அறிவியலில் அதன் மதிப்பு குறைவானதன்று என்பதும், அந்த ஆய்வுகளை இந்தியாவில் நாம் தவறாக வாசித்து வருகிறோம் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வு நியூசிலாந்தில் வேர்கொண்டதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களின் நடுப்பகுதியில் அங்கே இளம் வயதினரிடையே ஆஸ்துமா மரணங்கள் திடீரென உயர்ந்தன. பெனோட்டரால் என்ற இன்ஹேலர் மருந்துக்கும் அம்மரணங்களுக்கும் உள்ள தொடர்பை அந்நாட்டு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்டார்கள். நோய் உண்மையிலேயே அங்கு மிகுதியா, அன்றி மருத்துவர்கள் அப்பெயரை அதிகம் சூட்டுகிறார்களா என்ற கேள்வி அதையொட்டி வலுப்பெற்றது. ஒரு நாட்டில் மூச்சுக்குழாய் அழற்சி என்று எழுதப்படுவது இன்னொரு நாட்டில் ஆஸ்துமா என்று எழுதப்பட்டால் இரு நாட்டு எண்களையும் ஒப்பிடவே முடியாது. எனவே நோயின் பெயரை ஒதுக்கிவிட்டு அறிகுறியைக் கேட்டார்கள். ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் சுமார் 3,000 மாணவர்கள் என்று வகுத்தார்கள். பதின்வயதினருக்கு ஒரு காணொளியும் தயாரானது. மூச்சு இழுக்கும் ஓர் இளைஞர், உடற்பயிற்சிக்குப் பின் இரைக்கும் ஒருவர், நள்ளிரவில் இழுப்பால் விழித்து எழுந்து உட்காருபவர், இரவு இருமலால் தூக்கம் கெட்டவர், பேசவும் முடியாமல் திணறுபவர் எனக் காட்சிகள் ஓடும். ஒவ்வொன்றின் முடிவிலும், உனக்கு இப்படி வந்ததுண்டா என்பதே கேள்வி. பல மொழிகளில் ஒரே அறிகுறியைக் கேட்பதில் உள்ள இடர்ப்பாட்டை ஓரளவு தாண்ட இது உதவியது. அடக்கமான கருவிதான்; ஆனால் இத்துறையில் இதற்கு ஈடாக எதுவும் அதற்கு முன் இருந்ததில்லை.

இனி தள்ளுபடியான காரணங்கள். மரபணு ஒரு பிள்ளைக்கு நோய் வருமா என்பதில் பங்கு வகிக்கும். மையங்களுக்கிடையே 20 மடங்கு வேறுபாட்டை அதனால் விளக்க முடியாது. காற்று மாசு விஷயத்தில் இன்னும் கூர்மையான சான்று ஜெர்மனியில் கிடைத்தது. பெர்லின் சுவர் விழுந்ததும் எரிகா ஃபான் முடியுசும் உடன் ஆய்வாளர்களும் கிழக்கின் லைப்சிக், ஹாலே நகரக் குழந்தைகளை மேற்கின் மியூனிக் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இரு தரப்பும் ஒரே இனம், ஒரே மொழி. பிரிந்து வாழ்ந்தது ஏறத்தாழ 40 ஆண்டுகள். நிலக்கரிப் புகையில் மூழ்கியிருந்த கிழக்கில்தான் ஆஸ்துமா மிகுந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிழக்கில் மிகுந்திருந்தது மூச்சுக்குழாய் அழற்சி. மகரந்த ஒவ்வாமையோ மேற்கில் 8.6 சதவீதம், கிழக்கில் 2.7 சதவீதம், ஆஸ்துமாவும் மேற்கில்தான் கூடுதல். புகை நல்லது என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே இழுப்புள்ள குழந்தையை மாசு வதைக்கிறது என்பதில் ஐயம் கிடையாது. நோயைத் தூண்டுவதும் நோயைத் தோற்றுவிப்பதும் வெவ்வேறு என்பதையே இவ்வொப்பீடு உணர்த்தியது.

தோற்றுவிப்பது எது? 1958 மார்ச்சில் பிறந்த 17,414 பிரிட்டிஷ் பிள்ளைகளின் தரவுகளை ஆராய்ந்த டேவிட் ஸ்ட்ராகன், மூத்த உடன்பிறப்புகள் கூடக்கூட மகரந்த ஒவ்வாமை குறைவதை 1989இல் காட்டினார். சிறுவயதுத் தொற்றுகள் காக்கின்றனவோ என்ற அவரது ஊகமே பின்னாளில் ‘தூய்மைக் கருதுகோள்’ ஆயிற்று. அதற்கு மிக வலிய ஆதாரம் 2016இல் அமெரிக்காவில் இரு விவசாயச் சமூகங்களிடமிருந்து வந்தது. இண்டியானாவின் ஆமிஷ் மக்களும் தெற்கு டகோட்டாவின் ஹட்டரைட் மக்களும் மரபால் நெருங்கியவர்கள். இரு சமூகங்களிலும் பெரிய குடும்பங்கள், ஒத்த உணவுப் பழக்கம். ஆமிஷ் குடும்பம் தன் சிறு பண்ணையில் குதிரை பூட்டி உழுகிறது. மாட்டுத்தொழுவம் வீட்டை ஒட்டியே நிற்க, நடைபழகும் குழந்தையும் அதற்குள் ஓடியாடுகிறது. ஹட்டரைட்டுகளின் பொதுப்பண்ணை எந்திரமயமானது, வீடுகளிலிருந்து தள்ளியிருப்பது. பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா ஆமிஷ் தரப்பில் 5.2 சதவீதம், ஹட்டரைட் தரப்பில் 21.3 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாச் சுவரின் நச்சுப்பொருளான எண்டோடாக்சின் ஏறத்தாழ ஏழு மடங்கு. அத்தூசியின் சாற்றை எலிகளின் மூக்கில் செலுத்தியபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை வராமல் தடுத்தது. ஹட்டரைட் தூசி தடுக்கவில்லை. உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் சமிக்ஞைப் பாதை அறுபட்ட எலிகளில் ஆமிஷ் தூசியும் பயன் தரவில்லை. மக்கள்தொகை அளவில் கண்ட வேறுபாட்டை உயிரணு அளவில் விளக்கிக் காட்டிய இந்த ஆய்வை நான் இத்துறையின் அரிய சாதனைகளுள் ஒன்றாக மதிக்கிறேன்.

ஆயினும் ஐசாக் வரைபடம் இக்கருதுகோளையும் முழுதாக ஏற்கவிடவில்லை. பெரு, கோஸ்டாரிகா, பிரேசில் மையங்களில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் இழுப்பு இருந்தது. நெரிசலும் தொற்றும் மலிந்த நகரங்கள் அவற்றுள் பல. ஐசாக்கின் இரண்டாம் கட்டம் தோல்குத்துச் சோதனையையும் சேர்த்துக்கொண்டு 22 நாடுகளில் நடந்தது. செல்வந்த நாடுகளில் இழுப்பில் சுமார் 41 சதவீதத்தையே ஒவ்வாமையோடு இணைக்க முடிந்தது. ஏனைய நாடுகளில் சுமார் 20 சதவீதம். ஆக, ஆஸ்துமா என்ற ஒரே பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்ற முடிவைத் தவிர்க்க முடியாது. ‘ஆஸ்துமாவுக்குக் காரணம் இதுதான்’ என்று தொடங்கும் எந்தக் கூற்றையும் ஐயத்தோடுதான் அணுக வேண்டும்.

ஒப்பீடு தரும் ஊகத்தைச் சோதனைக்கு உட்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நிலக்கடலை ஒவ்வாமை நல்ல சான்று. ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை நிலக்கடலை கூடாது என்றே பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரு காலத்தில் அறிவுறுத்தின. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதை 2008இல் ஓர் ஒப்பீடு காட்டியது. இஸ்ரேலில் கைக்குழந்தைக்கே நிலக்கடலைத் தின்பண்டம் கொடுப்பது வழக்கம். கிடீயன் லாக் தலைமையிலான குழு இதைச் சோதித்தது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து வயதுவரை நிலக்கடலைப் பண்டம் கொடுத்தார்கள்; மறுபிரிவு தவிர்த்தது. 2015இல் வெளியான முடிவின்படி, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும் உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் ஒவ்வாமை இருந்தது. நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட பழைய அறிவுரை தவறாகிப்போனது.

பாரசிட்டமால் கதை வேறுவிதம். முதல் ஆண்டில் காய்ச்சலுக்கு அம்மருந்து பெற்ற குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் ஆஸ்துமா அறிகுறி கூடுதல் என்று 2008இல் ஐசாக் தரவு காட்டியது. ஆனால் அடிக்கடி நெஞ்சுச் சளி கண்ட குழந்தைக்குத்தான் அம்மருந்தும் அடிக்கடி போகும். குற்றம் மருந்தினுடையதா, சளியினுடையதா என்று கேள்வித்தாள் பிரித்துச் சொல்லாது. லேசான ஆஸ்துமா உள்ள சிறு குழந்தைகளிடம் 2016இல் முடிந்த குலுக்கல் சோதனையில் பாரசிட்டமாலும் ஐபுபுரூபெனும் நோய் முற்றுவதில் வேறுபாடு காட்டவில்லை. இத்தகைய தொடர்பு ஒன்றைச் செய்தித்தாளில் கண்டதும் மருந்தை நிறுத்தும் பெற்றோருக்கு, தொடர்பு வேறு, காரணம் வேறு என்பதை எடுத்துரைப்பது நம் கடமை.

இந்தியாவுக்கு வருவோம். வரைபடத்தின் அடித்தட்டில் இருக்கிறோம் என்பதை நற்செய்தியாக எடுத்துக்கொள்வது பெரும்பிழை. இழுப்புள்ளவர்களுள் கடுமையான நிலையில் இருப்போரின் விகிதம் இந்தியத் துணைக்கண்டத்தில் உயர்வு என்பதை ஐசாக்கின் மூன்றாம் கட்டமே காட்டியது. அதன் வழித்தோன்றலான உலக ஆஸ்துமா வலையமைப்பின் இந்திய முடிவுகள் 2022இல் வெளியாயின. ஆஸ்துமாப் பரவல் 6, 7 வயதினரிடம் 3.16 சதவீதம், 13, 14 வயதினரிடம் 3.63 சதவீதம். எண் சிறிதுதான். ஆனால் ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகளும் பெற்றோருமாக, இழுப்பு இருந்தவர்களில் 82 சதவீதத்தினருக்கும், கடும் அறிகுறி இருந்தவர்களில் 70 சதவீதத்தினருக்கும் ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்தியோர், நோய் கண்டறியப்பட்டவர்களில்கூட 10 சதவீதத்துக்குக் கீழ். உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ 13 சதவீதத்தினர் இந்தியர். ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் என்று மதிப்பிடப்படுகிறது. நம் வீடுகளில் ‘வீசிங்’ வந்தால் நெபுலைசர் வைத்துவிட்டு, இருமல் மருந்தோடு குழந்தையை அழைத்துவருகிறோம். இன்ஹேலர் என்றால் பழகிவிடும் என்ற அச்சம் தடுக்கிறது. பெண் குழந்தை என்றால் நாளைய கல்யாணப் பேச்சும் குறுக்கே நிற்கிறது.

காரணம் முழுதாய்த் தெரியும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பைத் தடுக்கும், உயிரைக் காக்கும் என்பது பல பத்தாண்டுகளாக நிறுவப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அதற்கு இடமுண்டு. 2013இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலிலும் மூச்சுக்குழாய் இறுக்க நோய் இருக்கிறது. அக்குழுக்கள் பிள்ளைகளிடம் ஐசாக்கின் அந்தக் கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். ஆம் என்ற பிள்ளைக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இன்ஹேலரும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் தடையின்றிக் கிடைக்க வேண்டும். சுகாதாரத் துறை இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.