கராஜுக்கு முன்னால் ஒரு வாத்தியார்

ஸ்டார்ட்-அப் பற்றிய பேச்சு என்றால் அதில் ஒரு கராஜ் வந்தே தீரும். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அடிசன் அவென்யூ, கதவு எண் 367. பில் ஹியூலெட், டேவிட் பேக்கார்ட் என்ற இரண்டு இளைஞர்கள் 538 டாலர் முதலோடு அந்தச் சின்ன மர ஷெட்டில் தொழில் தொடங்கினார்கள். அதுதான் எச்பி. கல்லூரி விழாக்களுக்கு இந்தக் கதை ரொம்ப வசதி. "ரெண்டு பசங்க, ஒரு கராஜ். அவங்களால முடிஞ்சது உங்களால முடியாதா? ரிஸ்க் எடுங்க!" என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம்.

அந்த வீட்டு வாசலில் கலிஃபோர்னியா மாநிலம் 1989இல் ஒரு நினைவுப் பலகை வைத்தது. படம் எடுக்கப் போகிறவர்கள் அதை முழுக்க வாசிப்பார்களா தெரியவில்லை. சிலிக்கான் பள்ளத்தாக்கின் பிறப்பிடம் என்று ஆரம்பிக்கும் அந்தப் பலகை, அடுத்த வரியிலேயே ஒரு பேராசிரியரின் பெயரைச் சொல்கிறது: ஃபிரெடெரிக் டெர்மன். கிழக்குக் கரையில் இருந்த பெரிய கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவதைவிட, இங்கேயே சொந்தமாகத் தொழில் தொடங்குங்கள் என்று தன் மாணவர்களை ஊக்குவித்தவர் என்கிறது.

ஊக்குவித்தார், சரி. என்ன செய்து ஊக்குவித்தார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் காட்டினார்

டெர்மன் 1900இல் பிறந்தவர். எம்ஐடியில் வானவார் புஷ்ஷிடம் ஆராய்ச்சி செய்து 1924இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அங்கேயே பாடம் நடத்துவதாக இருந்தவரைக் காசநோய் கலிஃபோர்னியாவிலேயே படுக்க வைத்துவிட்டது. உடம்பு தேறியதும் 1925இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். 1932இல் வெளிவந்த அவருடைய 'ரேடியோ இன்ஜினியரிங்' பல காலம் அந்தத் துறையின் முக்கியப் பாடநூலாக இருந்தது.

அவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்குப் போவார். வெற்றிடக் குழாய் செய்யும் சார்லி லிட்டனின் பட்டறை, ஐடெல்-மெக்கல்லா, சான் ஃபிரான்சிஸ்கோவில் தொலைக்காட்சி முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்தின் ஆய்வுக்கூடம். பார்த்துவிட்டு வந்து அவர் சொன்ன விஷயத்தைப் பேக்கார்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இந்தத் தொழில்களை நடத்துகிற பலர் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. நல்ல அடிப்படையும் சேர்ந்தால் இன்னும் எவ்வளவு செய்யலாம், யோசித்துப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். சாதித்தவரை மேடைக்கு அழைத்து வந்து பேச வைப்பது ஒரு வகை. மாணவனைப் பட்டறைக்குள் கொண்டுபோய் நிறுத்துவது வேறு வகை.

பிறகு வேலைக்கு அனுப்பினார்

கதை இங்கேதான் சுவாரஸ்யமாகிறது. ஹியூலெட்டும் பேக்கார்டும் பட்டம் வாங்கியது 1934இல். பெருமந்தக் காலம். சேர்ந்து ஒரு தொழில் தொடங்கலாம் என்று அப்போதே பேசி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பேக்கார்டுக்கு நியூயார்க் மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை கிடைத்தது.

சொந்தத் தொழில் சொந்தத் தொழில் என்று சொல்லிக்கொண்டிருந்த டெர்மன் என்ன சொல்லியிருப்பார்? போய்ச் சேர், அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்றார். ஹியூலெட் மேற்படிப்புக்கு எம்ஐடி போனார்.

ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பெரிய அளவிலான பாதரச ஆவிக் குழாய்கள் சோதனையில் தொடர்ந்து பழுதாகிக்கொண்டிருந்தன. பேக்கார்ட் தொழிற்சாலைத் தளத்துக்கே போய், தொழிலாளர்களோடு நின்று ஒவ்வொரு படியையும் பார்த்துச் சரிசெய்தார். அடுத்த தொகுப்பில் எல்லாக் குழாய்களும் தேறின. எழுதிக் கொடுத்த குறிப்பு மட்டும் போதாது, வேலை நடக்கிற இடத்தில் நிற்கணும் என்ற அந்தப் பாடம் பிற்காலத்தில் எச்பி நிர்வாக முறையின் ஒரு தூணாகவே ஆனது. சம்பளம் வாங்கிக்கொண்டே படித்த பாடம் என்று சொல்லலாம்.

கடைசியில் திரும்ப அழைத்தார்

1938இல் டெர்மன் பேக்கார்டுக்கு ஸ்டான்ஃபோர்டில் சுமார் 500 டாலர் உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்தார். லிட்டனின் பட்டறையில் ஆராய்ச்சி வேலை. பேக்கார்ட் அதற்காக வேலையை ராஜினாமா செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் புது வெர்ஷனை ஏற்றுவதற்கு முன்னால் முதலில் கேட்பது, "ஏதாவது ஆச்சுன்னா பழையதுக்குத் திரும்ப வழி இருக்கா?" என்பதுதான். வழி இருந்தால் தைரியமாக ஏற்றுவோம். பேக்கார்டுக்கு அந்த வழி இருந்தது. தொழில் படுத்தாலும் கையில் ஒரு ஸ்டான்ஃபோர்டு பட்டம், பின்னால் ஒரு வேலை. கூடவே மனைவி லூசில் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கராஜ் கதையைச் சொல்பவர்கள் அந்தச் சம்பளத்தை அநேகமாக மறந்துவிடுவார்கள்.

தயாரிப்பும் டெர்மனின் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான். அவர் அப்போது எதிர்ப் பின்னூட்டம் பற்றி மாணவர்களோடு தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். அதை வைத்து ஹியூலெட் ஓர் ஒலி அலையாக்கியைச் செய்தார். அளந்த சுருதியில் சுத்தமான ஒலியலையைத் தரும் கருவி அது. ஒலிக்கருவிகளைச் சோதிக்க அவசியம். அலையின் வீச்சு ஏறாமல் இறங்காமல் நிற்க வைப்பதுதான் அதில் கஷ்டம். ஹியூலெட் சுற்றுக்குள் ஒரு சின்ன மின்விளக்கைப் போட்டார். அலை வலுத்தால் விளக்கின் இழை சூடாகும், மின்தடை ஏறும், அலை தானாக அடங்கும். கடையில் கிடைக்கிற ஒரு பல்ப், அவ்வளவுதான்!

1939 ஜனவரி 1 அன்று கூட்டு நிறுவனம் தொடங்கியது. யார் பெயர் முதலில் என்பதற்குக் காசு சுண்டினார்கள். முதல் மாடலுக்கு 200ஏ என்று பெயர் வைத்தார்கள், புதுசாக ஆரம்பித்தவர்கள் என்று தெரிந்துவிடக் கூடாதல்லவா! விலை 54.40 டாலர். அந்த விலைக்குச் செய்து கட்டாது என்பது பிறகுதான் புரிந்தது. போட்டிக் கருவிகளின் விலை பல மடங்கு அதிகம் என்பதால் ஏற்றிக்கொள்ள இடம் இருந்தது. யார் வாங்குவார்கள் என்ற பட்டியலைத் தந்தவரும் டெர்மன்தான். அந்த முகவரிகளுக்குக் கடிதம் போட்டார்கள், ஆர்டர் வந்தது. 'ஃபேண்டேசியா' படத்துக்காக வால்ட் டிஸ்னி நிறுவனம் எட்டு கருவிகள் வாங்கியது. முதல் ஆண்டு விற்பனை 5,369 டாலர், லாபம் 1,563 டாலர்.

தனி மனிதரிலிருந்து ஏற்பாட்டுக்கு

ஒரு நல்ல வாத்தியார் அமைந்தால் ரெண்டு பேர் பிழைப்பார்கள். மற்றவர்களுக்கு? டெர்மன் போருக்குப் பின் 1946இல் பொறியியல் புலத் தலைவராகத் திரும்பினார். ஸ்டான்ஃபோர்டிடம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த ஏராளமான நிலம் இருந்தது. விற்க முடியாது, ஆனால் குத்தகைக்கு விடலாமே! 1951இல் அங்கே தொழிற்பூங்கா உருவானது. முதலில் வந்த வேரியன் அசோசியேட்ஸே ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த ஆட்கள் தொடங்கியது. 1954இல் வேலையில் இருக்கும் பொறியாளர்கள் பகுதிநேரமாக மேற்படிப்பு படிக்கத் தனித் திட்டம் வந்தது. வகுப்பறைக்கும் பட்டறைக்கும் நடுவே இரண்டு பக்கமும் போய்வரப் பாதை போட்டாகிவிட்டது.

இதில் போரின் பங்கையும் சொல்லணும். ராணுவ ஆர்டர்களும் அரசின் ஆராய்ச்சிப் பணமும் இல்லாமல் அந்தப் பள்ளத்தாக்கு இவ்வளவு வளர்ந்திருக்காது. வெறும் தனிமனித சாகசம் என்று சொல்வது பாதிக் கதை.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு பாதை உண்டு. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகாக்களும் 1990களில் டெனெட் என்ற குழுவை உருவாக்கி, பழைய மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் போன்ற நிறுவனங்களோடு சேர்ந்து கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டுவந்தார்கள். 2010இல் தரமணியில் ஆராய்ச்சிப் பூங்கா திறந்தது. ஏத்தர் மின் ஸ்கூட்டரின் தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் படிப்பு முடித்துக் கொஞ்ச நாள் வேலைக்குப் போய்விட்டு, 2013இல் தொழில் தொடங்கத் திரும்பி வந்தது ஐஐடி வளாகத்துக்குத்தான். பேக்கார்டின் கதை ஞாபகம் வருகிறதா?

கல்விக் கடனோடு பட்டம் வாங்கும், வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பையனிடமோ பெண்ணிடமோ போய் "ரிஸ்க் எடு" என்று சொல்வது சுலபம். சொல்கிறவருக்கு அதில் ஒரு பைசா செலவில்லை. தோற்றால் கடன் கட்டப்போவது அந்தக் குடும்பம். ஆகவே, தொழில் தொடங்கச் சொல்லி உங்கள் கல்லூரியில் யாராவது பேசினால், கைதட்டி முடித்ததும் சில கேள்விகள் கேளுங்கள். பாஸான பிறகும் லேபைப் பயன்படுத்த விடுவீர்களா? ஒரு வருஷத்துக்கு உதவித்தொகை உண்டா? முதல் வாடிக்கையாளர் யாரையாவது அறிமுகம் செய்வீர்களா? ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வீர்களா?

பட்டம் வாங்கிய 1934க்கும் தொழில் தொடங்கிய 1939க்கும் நடுவில் அந்த இருவருக்கும் ஐந்து வருஷம் கிடைத்தது. அந்த ஐந்து வருஷமும் அவர்களை விட்டுவிடாமல் ஒரு வாத்தியார் கூடவே இருந்தார். கராஜ் வாடகைக்குக் கிடைக்கும். இது கிடைக்கிறதா என்று பாருங்கள்.