பிறாண்டலில் பிறந்த பெயர்

ஸ்கிராபிள் ஆட்டத்தில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் சேர்ப்பவர்கள் அந்த ஆட்டத்தின் பெயரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. அதன் வேர், நகத்தால் பிறாண்டுவதைக் குறித்த ஒரு டச்சு வினை.

டச்சு மொழியில் ‘ஸ்க்ராபன்’ என்றால் சுரண்டுவது, பிறாண்டுவது. நடுவே ‘எல்’ என்றோர் ஒட்டைச் செருகினால் ‘ஸ்க்ராபலன்’ ஆகும். செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கு அந்த ஒட்டு அடையாளம். நாம் ‘பிறாண்டிப் பிறாண்டி’ என்று சொல்லையே இரட்டிப்போம். டச்சுக்காரர்கள் ஓர் அசையோடு முடித்துக்கொள்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் நுழைந்தபோது ஏற்ற பொருள் கிறுக்குதல். அதில் வியப்பில்லை. ஆங்கில ‘ரைட்’, கிரேக்க ‘கிராஃபைன்’ ஆகிய எழுதும் வினைகள்கூடக் கீறுதலில் தொடங்கியவைதான். 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், காத் நகரத்து அரசன் ஆகீசுக்கு அஞ்சிய தாவீது பித்தனாக நடித்து வாயிற்கதவுகளில் கிறுக்கும் இடத்தில் இந்தச் சொல்தான் நிற்கிறது. பித்துக்கும் கோணல் எழுத்துக்கும் ‘கிறுக்கு’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு அந்தக் காட்சி இன்னும் நன்றாகவே பொருந்தும்!

17ஆம் நூற்றாண்டில், கைகால்களை அடித்துக்கொண்டு தவிப்பது, துழாவுவது என்று பொருள் விரிந்தது. ஆட்டத்துக்குப் பெயர் கிடைத்தது இந்தக் கிளையிலிருந்து.

அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று நாளிதழ்ப் பக்கங்களில் எண்ணிப் பார்த்து இந்த ஆட்டத்தை அமைத்தார். முதலில் வைத்த பெயர் ‘லெக்சிகோ’. அகராதி வாடை அடிக்கும் பெயர். பிறகு ‘கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ்’ என்று மாற்றினார். அதுவும் எடுபடவில்லை. உரிமையைப் பெற்ற ஜேம்ஸ் புரூனோ 1948இல் ‘ஸ்கிராபிள்’ என்ற பெயரைப் பதிவு செய்தார். முந்தைய பெயர்கள் இரண்டும் ஆட்டத்தை விளக்கப் பார்த்தன. இதுவோ எழுத்துக் கட்டை எடுக்கப் பைக்குள் துழாவும் கையைப் பிடித்துவிட்டது. என் கணக்கில் புரூனோவே நல்ல சொல்லாளர்.

ஆங்கிலத்தில் ஊர் சுற்றிய சொல் பெட்டிக்குள் அடைபட்டு நெதர்லாந்துக்கே திரும்பியது. அங்கே அதற்கு மறுபடியும் டச்சு வால் ஒட்டி, ‘ஸ்க்ரெபலன்’ என்று வினையாக்கினார்கள். ஸ்கிராபிள் ஆடுவது என்று மட்டுமே அதற்குப் பொருள். நகத்துக்கு அதில் வேலை இல்லை. பழைய வேலையெல்லாம் ‘க்ராபலன்’ என்ற இன்னொரு வினையிடம் இருக்கிறது. அவசரமாகக் கிறுக்கினாலும் அதுதான். விழுந்தவர் கையூன்றித் தட்டுத்தடுமாறி எழுந்தாலும் அதுதான். முன்னே ‘தெருக்’, அதாவது ‘திரும்ப’, என்று சேர்த்துவிட்டால், ஒப்புக்கொண்ட காரியத்திலிருந்து நைசாகப் பின்வாங்குவது.