ஆண்டாய்வில் எழுதப்படாத பக்கம்

ஒரு பள்ளிக்கூடம் தரமானதா இல்லையா என்பதை யார் சொல்வது, எதைப் பார்த்துச் சொல்வது? நூற்றைம்பது வருசத்துக்கும் மேலாக இதை எழுதி வந்தவர்கள் இன்ஸ்பெக்டர்கள்தான். சேரியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோன பிள்ளையிடம் யாரும் கேட்டு எழுதவில்லை.

1854ல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கையை ஒட்டித்தான் இங்கே கல்வித்துறையும் இன்ஸ்பெக்டரும் கிராண்டும் வந்தன. கட்டடம், வருகைப் பதிவேடு, வாசிப்பு, கணக்கு எல்லாம் சரியாக இருந்தால் பணம் வரும். அந்தப் பள்ளிக்கூடமே அக்ரகாரத்திலும் சாவடியிலும் கோயிலடியிலும் இருந்தால் நம் பிள்ளை எப்படி உள்ளே போகும்? 1919ல் சென்னை மாகாண அரசே கணக்குச் சொன்னது: பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகள் 8,157. பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை 609. நூற்றுக்கு எட்டுகூட இல்லை. மிச்சப் பள்ளிகளுக்கும் ஆய்வு உண்டு, கையெழுத்து உண்டு. பாதி ஊரை வெளியே நிறுத்திய பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்றே பேர் வாங்கியது.

கதவு திறக்காத இடத்தில் அரசு வேறொரு வழி கண்டது. 1920ல் லேபர் கமிஷனர் பதவி வந்தது. லேபர் ஸ்கூல்கள் வந்தன. அந்தத் துறைதான் 1949ல் அரிசன நலத்துறையாகி, பின்னால் ஆதிதிராவிடர் நலத்துறை ஆனது. அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் நம்மில் பலருக்கு எழுத்தே இல்லை. ஆனால் 'அது அவுக பள்ளிக்கூடம்' என்று ஊர் ஒதுங்கிக்கொள்ளவும் அது வசதியாகிப் போனது.

குற்றாலத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர் சீமை. அந்தச் சீமையில் நடந்தது வேறு கதை. புலையப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று அய்யங்காளி வேலைநிறுத்தம் நடத்தினார். பஞ்சமி என்ற சிறுமியைக் கையோடு கூட்டிக்கொண்டு ஊருட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார். மேல்சாதிக்காரர்கள் பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். ஒரு பள்ளியின் உண்மையான தரம் என்ன என்று அன்றைக்கு ஆய்வு செய்தது அந்தச் சிறுமிதான்.

காமராசர் காலத்தில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். மதிய உணவு வந்தது. நம் பிள்ளைகள் உயர்நிலைப்பள்ளி வரை ஏற முடிந்தது. இதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பெஞ்சு வந்தது சரி, அதில் யார் எங்கே உட்கார்ந்தார்கள்?

தென்காசிப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் படித்த எங்கள் பெரியப்பா சொல்வார்: "இன்ஸ்பெக்சன்னா மூணு நாளைக்கு முன்னாலயே எங்களத்தான் கூப்புடுவாவ. புல்லு செதுக்கணும், சொவத்துக்கு வெள்ளையடிக்கணும், கக்கூசு கழுவணும். ஆபீசரு வார அன்னைக்கு, சட்ட கிழிஞ்சவம்லாம் வீட்டுக்குப் போங்கலேன்னு அனுப்பிருவாவ. அவரு மாலைய வாங்கிட்டு, சீசன் நேரம்லா, குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருவாரு. நல்ல இஸ்கூலுன்னு எழுதிட்டுப் போயிருப்பாரு." சுத்தம் செய்தவனைக் காணாமல் சுத்தத்தைப் பாராட்டி எழுதுவதுதான் ஆய்வாக இருந்திருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்குச் சில சமீபத்துத் தேதிகள். மாணவர் கையில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று 2019 ஜூலை 31ல் பள்ளிக்கல்வி இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். இதை அரசின் காதுக்குக் கொண்டுபோனவர்கள் பயிற்சியில் இருந்த இளம் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், வருசா வருசம் ஆண்டாய்வுக்குப் போனவர்கள் அல்ல. எதிர்ப்புக் கிளம்பியதும் பழைய நிலையே தொடரும் என்றார் அமைச்சர். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் மறுத்தார்கள். 2023 ஆகஸ்ட் 9ல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்களில் கூடப் படித்தவர்களும் உண்டு. அந்த மாணவன் அடுத்த வருசம் 600க்கு 469 எடுத்தான். அந்த மார்க்கு பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் ஏறியது. அந்த வெட்டு எந்தக் கணக்கில் ஏறியது?

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18ல் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது. அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. அந்தப் பகுதியில் பெரும்பான்மையான சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அதிகாரியாகவோ தலைமை ஆசிரியராகவோ போடக் கூடாது. இவற்றைப் படிக்கும்போது நமக்குப் புதுசாக ஒன்றும் தெரியவில்லை. நம் பாட்டன் பூட்டன் வாயால் சொன்னதுதான் அரசுத் தாளில் ஏறியிருக்கிறது. ஏறியதே பெரிசு.

இனி ஆண்டாய்வுக்கு வருகிற அதிகாரி தேர்ச்சி சதவீதத்தையும் பாடக்குறிப்பையும் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இவற்றையும் எழுதட்டும்: கக்கூசைக் கழுவியது யார்? தண்ணீர் டம்ளர் ஒன்றா, ரெண்டா? ஸ்காலர்ஷிப் வாங்குகிறவனை வகுப்பில் எழுப்பி நிறுத்தினார்களா? பாதியில் நின்றவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள்? பதிலைத் தலைமை ஆசிரியர் ரூமில் உட்கார்ந்து கேட்க வேண்டாம். சேரிக்கு வந்து கேட்கட்டும். சொல்வதற்கு ஆள் இருக்கிறோம்.