பிரேசிலியர் லத்தீனோவா? அமெரிக்கக் கணக்கெடுப்பின் ஒரு விலக்கு குறித்து

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் நடத்தும் அமெரிக்கச் சமூக ஆய்வில் 2020ஆம் ஆண்டு ஒரு பிழை நேர்ந்தது. ஹிஸ்பானிக், லத்தீனோ அல்லது ஸ்பானிய வம்சாவளியைச் சேர்ந்தவரா என்று படிவம் கேட்கிறது. ஆம் என்று குறியிட்டு, பக்கத்துக் கட்டத்தில் 'பிரேசிலியர்' என்று மட்டும் ஒருவர் எழுதினால், அவருடைய விடையை இல்லை என்று மாற்றிப் பதிவது துறையின் நெடுநாள் வழக்கம். தரவைச் சரிபார்க்கும் கட்டத்தில் ஓசையின்றி நடக்கும் இந்த மாற்றம் அந்த ஆண்டு விடுபட்டுப்போயிற்று. அதனால் 2019இல் சுமார் 14,000 ஆக இருந்த ஹிஸ்பானிக் பிரேசிலியர் தொகை, 2020இல் குறைந்தபட்சம் 4,16,000 ஆக ஏறி, மறு ஆண்டே 16,000க்கு இறங்கிவிட்டது. 2023இல் பியூ ஆய்வு மையம் இதை விரிவாக எடுத்துக்காட்டியது. அந்நாட்டில் வாழும் பிரேசிலியரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் தம்மை அந்த வகைக்குள் வைத்துக்கொள்கிறார்கள் என்பது இப்படித்தான் வெளியே தெரிந்தது. போர்த்துகீசிய மொழி பேசுவோர் ஹிஸ்பானிக்கா, லத்தீனோவா என்ற பழைய விவாதத்துக்கு இந்தப் பிழை ஒரு நல்ல சான்றை அளித்திருக்கிறது. பிரேசிலியரை விலக்குவதற்கு விதியின் வாசகத்திலும் ஆதாரமில்லை, அதன் உட்கருத்திலும் ஆதாரமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். போர்ச்சுகல் நாட்டாரின் நிலை வேறு. இரண்டையும் ஒரே மொழியின் பெயரால் முடிச்சுப்போட்டதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

வாசகத்தை முதலில் பார்ப்போம். ஸ்பானிய வம்சாவளி அமெரிக்கர் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுமாறு 1976இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய, தென் அமெரிக்கா, 'பிற ஸ்பானிய மொழி நாடுகள்' என்று அது அடுக்குகிறது. தென் அமெரிக்கா முழுவதும் ஸ்பானியம் பேசுவதாக எண்ணிக்கொண்டால்தான் அந்தப் 'பிற' பொருந்தும். அக்கண்டத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறையப் பாதியைத் தன்வசம் வைத்திருக்கும் நாட்டைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணிப்பார்த்து ஒதுக்கவில்லை, மறந்துவிட்டார்கள். 1977இல் நிர்வாக, வரவுசெலவு அலுவலகம் வெளியிட்ட 15ஆம் எண் வழிகாட்டு நெறி மொழியைப் பற்றிப் பேசவே இல்லை. மெக்சிகன், போர்ட்டோ ரிக்கன், கியூபன், மத்திய அல்லது தென் அமெரிக்கப் பண்பாடு அல்லது வம்சாவளி, அல்லது பிற ஸ்பானியப் பண்பாடு என்பதே அதன் வரையறை. 1997இல் 'லத்தீனோ' பெயரோடு சேர்ந்தது. 2024இல் இனத்துக்கும் வம்சாவளிக்கும் ஒரே கேள்வி என்று ஆனபோதும் 'மத்திய அல்லது தென் அமெரிக்க' என்ற தொடர் நீடித்தது. 1970 கணக்கெடுப்பில் இத்தொடரைப் பார்த்து, அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களில் பிறந்த பலர் தம்மைத்தான் கேட்கிறார்கள் என்று குறியிட்டது தனிக்கதை. சாவ் பாவ்லோவில் பிறந்தவர் குறியிட்டால் அப்படிச் சிரிக்க முடியாது. வாசகப்படி அவர் தென் அமெரிக்கர்.

மொழிதான் அளவுகோல் என்று வாதிடுவோர் உருகுவேயின் வடக்கு எல்லையைப் பார்க்க வேண்டும். அங்கே ரிவேரா நகரமும் பிரேசிலின் சந்தானா டோ லிவ்ரமென்டோ நகரமும் ஒட்டியே வளர்ந்தவை. இரண்டுக்கும் நடுவில் ஆறுமில்லை, வேலியுமில்லை. 1943இல் திறக்கப்பட்ட பன்னாட்டுப் பூங்கா இரு நாடுகளுக்கும் பொது. நடந்து தெருவைக் கடந்தால் நாடு மாறிவிடும். ரிவேரா பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் போர்த்துகீசியத்தின் ஒரு வட்டார வடிவத்தைத் தாய்மொழியாகப் பேசும் குடும்பங்கள் உண்டு. ஹோசே பெத்ரோ ரோனா போன்ற மொழியியலாளர்கள் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்விரு ஊர்க்காரர்களும் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து ஒரே படிவத்தில் ஒரே கட்டத்தில் குறியிட்டால், வீட்டில் போர்த்துகீசியம் பேசும் உருகுவேக்காரர் ஹிஸ்பானிக் ஆகிறார். எதிர்த் தெருவில் பிறந்து, சந்தையில் ஸ்பானியமும் பேசிப் பழகிய பிரேசில்காரர் ஆவதில்லை. குவாத்தமாலாவிலிருந்து வரும் கிச்சே மொழிக்காரரும், லிமாவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவரும் ஆம் என்று குறியிட்டால் அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆக, மொழி என்ற அளவுகோல் பிரேசிலியர் வரும்போது மட்டும் வெளியே எடுக்கப்படுகிறது. குடும்பப் பெயர் என்ற இன்னோர் அளவுகோலும் ஒருகாலத்தில் இருந்தது. 1950 கணக்கெடுப்பில் தென்மேற்கின் ஐந்து மாநிலங்களில் ஸ்பானியக் குடும்பப் பெயர் உள்ளோரைத் தனியே எண்ணினார்கள். பெயர் எவ்வளவு தூரம் வழிகாட்டும் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையின் பர்னாந்துகளை அறிந்த தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நேரெதிரான வாதம் ஒன்று வரலாற்றிலிருந்து வருகிறது. ரோமானியரின் ஹிஸ்பானியா ஐபீரியத் தீபகற்பம் முழுவதையும் குறித்தது. இன்றைய போர்ச்சுகலின் பெரும்பகுதி அடங்கிய லூசிடானியா அதில் ஒரு மாகாணம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியக் கவி கமோயன்ஸ் தம் காப்பியத்தில் போர்ச்சுகலை எஸ்பான்யாவின் பகுதியாகவே பாடினார். அப்படியிருக்க, போர்ச்சுகல் நாட்டாரையும் ஏன் ஹிஸ்பானிக் என்று எண்ணக் கூடாது? 2009இல் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரான சோனியா சோட்டோமயோர் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது இக்கேள்வி செய்தித்தாள்களுக்கே வந்துவிட்டது. 1932இல் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான பெஞ்சமின் கார்டோசோ, போர்ச்சுகலிலிருந்து வந்ததாகக் கருதப்படும் யூதக் குடும்பத்தவர். முதல் ஹிஸ்பானிக் நீதிபதி அவரா, சோட்டோமயோரா என்று விவாதித்தார்கள். பழமையைக் காட்டித் தீர்ப்புச் சொல்லும் இம்முறை எனக்கு ஏற்புடையதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் இந்த வகை ரோமானிய நிலப்படத்திலிருந்து பிறக்கவில்லை. தென்மேற்கின் மெக்சிகர், நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கர், புளோரிடாவின் கியூபர் ஆகிய மூன்று தனித்தனிச் சமூகங்களை அரசு அதிகாரிகளும் சமூகத் தலைவர்களும் ஸ்பானியத் தொலைக்காட்சி நிறுவனங்களும் 1970களில் ஒன்றாகக் கோத்தபோது உருவானது அது. சமூகவியலாளர் கிறிஸ்டினா மோரா 2014இல் வெளியிட்ட நூலில் இந்தக் கோக்கும் வேலையை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து திமிங்கில வேட்டைக் கப்பல்களில் நியூ பெட்ஃபோர்டுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு அதில் பங்கில்லை. 1957இல் கப்பெலின்யோஸ் எரிமலை வெடித்தபின் அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட அசோர்ஸ் அகதிகள் சட்டத்தால் குடியேறியவர்களுக்கும் இல்லை. நெடுஞ்சாலை ஒப்பந்தங்களுக்கான போக்குவரத்துத் துறை விதி நெடுங்காலம் 'ஸ்பானிய அல்லது போர்த்துகீசியப் பண்பாடு' என்று எழுதி அவர்களையும் ஹிஸ்பானிக் அமெரிக்கராக்கியிருந்தது உண்மைதான். அது சலுகைக்கான வரையறை. யார் எந்தச் சமூகத்தில் தம்மைக் காண்கிறார்கள் என்பதற்கு அதைச் சான்றாக்க முடியாது.

வலுவான மறுப்பு பிரேசிலிலிருந்தே வருகிறது. லத்தீன் அமெரிக்கா என்ற எண்ணம் 1850களில் பிரான்சிஸ்கோ பில்பாவோ, தோரெஸ் கைசெதோ போன்ற ஸ்பானிய அமெரிக்க எழுத்தாளர்களிடம் உருப்பெற்றபோது பிரேசில் 1889 வரை நீடித்த ஒரு பேரரசு. அக்கம்பக்கத்துக் குடியரசுகளின் உள்நாட்டுப் போர்களை ஏளனமாகப் பார்த்த அதன் அறிவாளர்கள் அந்தக் கூட்டத்தில் தம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இதை வரலாற்றாசிரியர் லெஸ்லி பெத்தல் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மனநிலை மறைந்துவிடவும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பன்னாட்டுக் கருத்தாய்வில் தம்மை முதன்மையாக லத்தீன் அமெரிக்கர் என்று சொன்ன பிரேசிலியர் நூற்றுக்குச் சுமார் 4 பேர்தான். பிற நாடுகளின் சராசரி நாற்பதுக்கும் மேல். ஊரிலேயே இல்லாத அடையாளத்தை வெளிநாட்டில் ஏன் சூட்ட வேண்டும் என்ற கேள்வி நியாயமானதாகவே தோன்றும். ஆனால் பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, லத்தீன் அமெரிக்க மக்களின் ஒருங்கிணைப்பை நாட்டின் குறிக்கோளாக வைத்து, லத்தீன் அமெரிக்க நாடுகளின் சமூகம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்கிறது. மறு ஆண்டே கட்டடக் கலைஞர் நீமையரின் வடிவமைப்பில் சாவ் பாவ்லோவில் லத்தீன் அமெரிக்க நினைவு வளாகம் எழுந்தது. மேலும், ஹிஸ்பானிக் என்று பிறந்த ஊரில் யாரும் தம்மைச் சொல்லிக்கொண்டதில்லை. ஹவானாவிலும் குவாடலஹாராவிலும் அவர்கள் கியூபர், மெக்சிகர். குடியேற்றத்துக்குப் பின் வந்து ஒட்டும் அடையாளம் இது. பிரேசிலியரிடம் மட்டும் அதைப் புறப்பட்ட இடத்திலேயே தேடுவது ஒருதலைப்பட்சம்.

வேறு கட்டம் கிடைக்காமல்தான் அவர்கள் அங்கே குறியிட்டார்கள் என்றும் சொல்லலாம். 2020 படிவத்தில் 'இல்லை' என்ற கட்டமே முதலில் இருந்தது. இனத்துக்குத் தனிக் கேள்வியும் இருந்தது. இல்லை என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தும், ஆம் என்று சொல்லித் தம் நாட்டின் பெயரையும் கைப்பட எழுதியவர்களைத் தடுமாறியவர்களாகக் கருதுவது பொருந்தாது. கதவைத் திறந்தால் அங்கோலா, கோவா, கிழக்குத் திமோர் என்று வரிசை நீளாதா என்பது அடுத்த அச்சம். நீளாது. பிரேசிலியர் உள்ளே வருவது போர்த்துகீசியத்தின் வழியாக அன்று, தென் அமெரிக்காவின் வழியாக. 'ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ' என்ற இணைப்பில் ஸ்பெயின் முதற்பாதியால் நுழைவதுபோல் பிரேசில் இரண்டாம் பாதியால் நுழைகிறது. அந்த அளவில் பிரேசிலியர் லத்தீனோ. ஹிஸ்பானிக் என்று சொல்ல வேண்டியதில்லை. மெய்யான சிக்கல் ஹைத்தி. லத்தீன் அமெரிக்காவின் முதல் சுதந்திர நாடு அது; பிரெஞ்சும் லத்தீன் வழிமொழியே. ஆனால் விதியின் வாசகம் மத்திய, தென் அமெரிக்காவைச் சொல்கிறதே தவிர கரீபியனை முழுமையாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை என் வாதத்தால் நிரப்ப முடியாது. விதியைத் திருத்தினால்தான் முடியும்.

நடைமுறையாளர்களின் கவலை ஒன்று மிச்சமிருக்கிறது. மாசசூசெட்ஸின் ஃபிராமிங்ஹாம் போன்ற ஊர்களில் பிரேசிலியரை ஹிஸ்பானிக் என்று எண்ணிவிட்டால், மருத்துவமனையும் பள்ளியும் அவர்களிடம் ஸ்பானியப் படிவத்தை நீட்டும் என்கிறார்கள். நீட்டக்கூடும். அதைத் தவிர்க்கும் தகவல் அதே ஆய்வில் வீட்டில் பேசும் மொழி பற்றிய தனிக் கேள்வியில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தேவையை அங்கிருந்து எடுக்க வேண்டும். கணக்கெடுப்புத் துறை செய்ய வேண்டிய மாற்றம் சிறியது: 'பிரேசிலியர்' என்ற விடைக்குத் தனிக் குறியீடு கொடுத்து, அவர் எந்தக் கட்டத்தில் குறியிட்டாரோ அங்கேயே விட்டுவிடலாம். ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ மொத்தத்தைப் பிரேசிலியரோடு ஒரு வரியிலும், அவர்களை நீக்கி அடுத்த வரியிலும் அச்சிட்டால், பழைய ஆண்டுகளோடு ஒப்பிட விரும்பும் ஆய்வாளருக்கும் தடையிராது.