நிலக்கரியும் நீதியும்

1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் பிரான்சும் ஜெர்மனியும் மும்முறை பகைத்துப் போர் தொடங்கின. பகைக்குக் காரணங்கள் பலவாயினும், படைக்கலம் செய்தற்கு இன்றியமையாதன நிலக்கரியும் எஃகுமே ஆகும். ஆதலின், 1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் ராபர்ட் சூமான் ஒரு புதுமையான யோசனையை வெளியிட்டார். இருநாட்டு நிலக்கரியையும் எஃகையும் பொது அதிகார மன்றம் ஒன்றின்கீழ் வைப்போம் என்பதே அது. மறு ஆண்டில் ஆறு நாடுகள் பாரிஸ் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் வித்து அதுவே.

அன்று ஒற்றுமைக்கு வழிகோலிய நிலக்கரி, கரியமில வாயுவைப் பெருக்கி உலகை வெப்பமுறச் செய்வது பின்னர்த் தெளிவாயிற்று. எனவே 2005இல் ஒன்றியம் ஒரு முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆலைகள் வெளியிடும் வாயுவிற்கு மொத்த வரம்பு உண்டு; வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமைச்சீட்டு வேண்டும்; அச்சீட்டை விற்கலாம், வாங்கலாம். 2050க்குள் நிகர வெளியீட்டை அறவே ஒழிப்பதென 2021இல் சட்டமும் இயற்றினர்.

ஆயின் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. கட்டுப்பாடற்ற வெளிநாடுகளுக்கு ஆலைகள் பெயர்ந்துவிடின் பயன் யாது? ஆகவே, இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம், சிமெண்டு, உரம் முதலியவற்றிற்கும் கரிக்கட்டணம் விதிக்க 2023இல் விதி செய்தனர். கட்டணப் பொறுப்பு 2026 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளைச் செய்த நாட்டிலேயே கரிவிலை செலுத்தப்பட்டிருப்பின் அது கழிக்கப்பெறும்.

நம் நாட்டின் எஃகில் பெரும்பகுதி நிலக்கரியால் ஆவது. ஆதலால் இச்சுமை நம்மையும் தாக்கும். தொழிற்புரட்சி தொட்டு வானை மாசுபடுத்தி வளமுற்ற நாடுகளும், அண்மையில் தொழில் வளர்க்கும் நாடுகளும் ஒரே அளவு சுமத்தல் முறையன்று என்பது இந்தியாவின் வாதம். பொறுப்பு பொதுவாயினும் அளவு வேறுபடும் என்னும் கொள்கையை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. தட்பவெப்ப உடன்படிக்கையே ஏற்றுள்ளது. தம் ஆலைகள் தாங்கும் சுமையையே பிறர்மீதும் வைக்கிறோம் என்பது ஐரோப்பியர் மறுமொழி. அதுவும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இங்கே 1950ஐ நினைவுகூர்தல் நலம். சூமான் எல்லையில் சுங்கச்சாவடி எழுப்பவில்லை. நேற்றைய பகைவனை ஒரே மேசையில் சமமாக அமர்த்தினார். அதனாலன்றோ அம்முயற்சி நிலைத்தது! இக்கட்டணத்தை வகுத்ததோ ஒரு தரப்பே. நோக்கம் நன்றாயினும், செலுத்துவோர் அதனை வகுக்குமிடத்தில் இல்லையெனில் ஐயமே வளரும். கரிவிலையை எல்லா நாடுகளும் கூடியமர்ந்து வகுத்தல் இயலுமா என்பதே உங்கள் தலைமுறை விடை காணவேண்டிய வினா.