ஒரே கணினிக்குள் பல கணினிகள்: 1972 முதல் நம் வீட்டு மேசை வரை

1972-ஆம் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் இன்டெல் நிறுவனம் பினாங்கு பாயான் லெப்பாசில், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'வி.எம்./370' என்ற மென்பொருளை அறிவித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனாலும் இன்று கூலிமிலோ சுங்கைப் பட்டாணியிலோ ஒரு மாணவர் வீட்டில் மெய்நிகர் இயந்திரம் ஓட்டும்போது இரண்டு கதையும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன.

முதலில் ஐ.பி.எம். கதை. 1960-களில் ஒரு கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும். விலை கேட்டால் தலை சுற்றும். ஆளுக்கொன்று வாங்க முடியாது. மாசசூசெட்சு மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு மையம் 1967-இல் சி.பி.-40 என்ற முறையை இயக்கியது. ஒரே இயந்திரம்தான், ஆனால் ஒவ்வொரு பயனருக்கும் முழுக் கணினியும் தனக்கே கிடைத்ததுபோல் தோன்றும். ஒருவருடைய நிரல் முடங்கினாலும் பக்கத்தில் இருப்பவர் வேலை நிற்காது. இப்படிப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளைத்தான் இன்று 'ஹைப்பர்வைசர்' என்கிறோம். பற்றாக்குறையில் பிறந்த யோசனை. வீட்டுல ஒரே கம்ப்யூட்டர், மூணு பிள்ளைகள் என்றால் இது உடனே புரியும்!

மேசைக் கணினிக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. இன்டெல் சில்லுகள் இதற்காக வடிவமைக்கப்படவில்லை. 1999-இல் வி.எம்.வேர் மென்பொருள் அந்தக் குறையைத் தந்திரமாகச் சமாளித்தது. 2005-இல் இன்டெல் சில்லுக்குள்ளேயே 'வி.டி.-எக்ஸ்' வசதியைச் சேர்த்தது. 2007-இல் வெர்ச்சுவல்பாக்ஸ் வந்தது; லினக்ஸின் உள்ளேயே கே.வி.எம். சேர்ந்ததும் அதே ஆண்டுதான். இதற்கிடையில் 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்டெல் அங்கும் ஆலை வைத்தது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த நம் குடும்பங்களில் பலர் இத்தகைய மின்னணு ஆலைகளில்தான் ஷிப்ட் வேலை பார்த்தார்கள். இதைப் பாடநூலில் தேடாதீர்கள், வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. இரட்டைத் துவக்கம் என்றால் ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்; ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், மாற்ற வேண்டுமானால் அணைத்துத் திறக்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும்.

சரி, தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை? தோட்டத்திலிருந்து இடம் மாறிய பள்ளிகளின் பழைய சோதனைத் தாள்களையும் ஆண்டு மலர்களையும் நினைத்துப் பாருங்கள். 1991-இலேயே யூனிகோடில் தமிழ் இடம்பெற்றது. ஆனால் விண்டோஸ் 2000 வந்தபிறகே விண்டோஸில் தமிழ் இயல்பாக ஓடியது. அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு போன்ற முயற்சிகள்தாம் நமக்குக் கைகொடுத்தன. அந்தக் காலத்துக் கோப்பு இன்று ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியலாம். பல நேரம் பழைய எழுத்துருவை நிறுவினாலே போதும். ஆனால் கோப்பைத் திறக்கும் செயலியே 16-பிட் என்றால் 64-பிட் விண்டோஸில் அது ஓடவே ஓடாது. அப்போது உங்களிடம் உரிமம் உள்ள விண்டோஸ் 98-ஐ மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவித்தான் திறக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் அமைக்க நான் சொல்லும் முறை: விண்டோஸ் குடும்பத்துக்கு, லினக்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு. முதலில் எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். இதைத் தவறவிட்டால் அம்மாவின் கணக்கும் தம்பியின் பாடமும் பூட்டிக்கொள்ளும். விண்டோஸில் 'வேகத் தொடக்க' வசதியை அணைத்து, இடம் ஒதுக்கி, பிறகு லினக்ஸ் நிறுவுங்கள். பயாஸில் மெய்நிகர் வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 8 ஜி.பி. ரேமில் ஒரு சிறிய இயந்திரம் ஓடும். இரண்டு மூன்று வேண்டுமானால் 16 ஜி.பி. தேவை. பழைய டிஸ்கெட்டை யூ.எஸ்.பி. டிரைவில் படித்து நகலெடுங்கள். ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்த நகலை மட்டும் மெய்நிகர் இயந்திரத்துக்குள் திறங்கள்.