பிசிருயிரும் செவிலிப் புரதமும்

கல்முனைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல் வட்டைகளில் வைக்கோல் ஊறிய நீர்த்துளி ஒன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்குவோர், அதனுள் ஓர் உலகத்தையே காண்பர். உடலெங்கும் மயிரிழை போன்ற பிசிர்களைத் துடுப்புகளாக வீசி விரைந்து நீந்தும் அவ்வுயிர்கள் பிசிருயிர்கள் எனப்படும். ஒவ்வொன்றும் ஒரே கலத்தால் ஆனது.

ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். மிளகும் கறுவாவும் தேடி அவர்தம் கப்பல்கள் கீழைத்தேயக் கடல்களில் உலவிய அக்காலத்தில், ஒல்லாந்திலே துணி வணிகராயிருந்த அன்ரனி வான் லேவன்ஹுக் மிளகின் காரத்துக்குக் காரணம் அறிய விழைந்தார். 1676இல் மிளகை நீரில் ஊறவைத்து வில்லையினூடாக நோக்கினார். காரத்தின் காரணம் புலப்படவில்லை. நுண்ணுயிர்களின் உலகம் புலப்பட்டது.

இவ்வுயிர்கள் நீர்நிலையில் மட்டும் வாழ்வனவல்ல. அசைபோடும் மாடுகளின் முதலிரைப்பையிலும் அவை பெருந்தொகையாய் உறைகின்றன. இலங்கை மாடுகளில் வாழ்வனவற்றை ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் சோயிச்சி இமாய், 1986இல் அவற்றுள் புதிய இனம் ஒன்றுக்கு இந்நாட்டை நினைவூட்டும் வகையில் டிப்ளோடினியம் சிங்களிக்கம் எனப் பெயர் சூட்டினார்.

இத்தகைய சிற்றுயிர் ஒன்றே, உயிரியலின் பெரிய வினா ஒன்றுக்கு விடை காண உதவியது. நூல் துணியாதற்கு மருதமுனையில் தறி வேண்டும். அவ்வாறே, நீண்ட சங்கிலியாய்ப் பிறக்கும் புரதமும் உரிய வடிவில் மடிந்த பின்னரே தொழிற்படும். அம்மடிப்புக்கு வேண்டிய அறிவு முழுவதும் சங்கிலியிலேயே அடங்கியுள்ளது எனக் காட்டிய கிறிஸ்தியன் அன்பின்சன் 1972இல் நோபல் பரிசு பெற்றார். ஆயின், நெரிசல் மிக்க கலத்தினுள்ளே எல்லாப் புரதங்களும் துணையின்றி மடிகின்றனவா?

வெப்பம் மிகும்போது பழ ஈயின் பரம்பரையலகுகள் சில புதிதாய்த் தொழிற்படுவதை இத்தாலிய அறிஞர் ரித்தோசா 1962இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவில் மக்மலினும் ஹால்பேர்க்கும் தெற்றாகைமீனா என்னும் பிசிருயிரைச் சூடேற்றினர். அப்போது அதன் இழைமணியில் ஒரு புரதம் பெருகிற்று. வெப்பமில்லாத வேளையிலும் அப்புரதம் அங்கே இருந்தது என்பதே 1987இல் அவர்கள் அறிவித்த செய்தி. அஃது ஆபத்துக்கு மட்டும் வரும் காவலன் அன்று, அன்றாடப் பணியாள்! பற்றீரியாவிலுள்ள குரோஈஎல் என்னும் புரதத்தை அது ஒத்திருப்பதும், மனிதர் உட்படப் பல உயிர்களில் அதன் உறவுப் புரதங்கள் உள்ளமையும் 1988இல் தெளிவாயின. அவ்வாண்டிலேயே இக்குடும்பத்துக்குச் சப்பரோனின் என்னும் பெயர் அமைந்தது. தலைவியைப் பேணும் செவிலித்தாய் போல, முதிராத புரதத்தைத் தன் வளையக் கூட்டினுள் வைத்துக் காப்பது இதன் தொழில். இஃதின்றேல் இழைமணிக்குள் புகும் புரதங்கள் பல செவ்வனே அமைவதில்லை என்பது 1989இல் மதுவத்தில் நிறுவப்பட்டது.

பிசிருயிரின் பரம்பரையலகு அமைப்பும் வியப்புக்குரியது. அதற்குச் சிறுகரு, பெருங்கரு என இரு கருக்கள் உண்டு. சிறுகரு மரபைக் காக்க, பெருங்கரு அன்றாட ஆணைகளை வழங்குகின்றது. ஏனைய உயிர்களில் ‘நிறுத்துக’ எனப் பொருள்படும் மூன்று குறிகளுள் இரண்டை, தெற்றாகைமீனா ‘குளுற்றமீன் சேர்க்க’ என வாசிக்கின்றது. ஆதலால் அதன் பரம்பரையலகைப் பற்றீரியாவில் அப்படியே புகுத்தினால், புரதம் இடையிலே அறுந்துபோகும்.

1994இல் போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர் சிசிரி எனப்படும் சப்பரோனினின் பரம்பரையலகு ஒன்றைத் தெற்றாகைமீனாவில் ஆராய்ந்தனர். பிசிர்களை இழந்த உயிர் அவற்றை மீண்டும் வளர்க்கும்போது, பிசிரின் கட்டுப்பொருளான தியூபியூலினோடு அச்சப்பரோனினின் ஆக்கமும் உடன் நிகழ்வதைக் கண்டனர். பொருளும் அதை மடிக்கும் செவிலியும் ஒருங்கே வருகின்றனர்.

நண்பகல் வெயிலில் வயல்நீர் சுடுகையில், கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர்களினுள்ளே செவிலிகள் விரைந்து பணி புரிகின்றனர். அவ்வயலில் வியர்வை சிந்தி உழைப்பவரின் ஒவ்வொரு கலத்திலும் அவர்தம் உறவினரே அதே பணியை ஆற்றுகின்றனர்.